வேர்ப்புழுவுக்கு ஒரு பெயர்: பொட்ஸ்டாமும் றம்பொடையும்



சென்ற சித்திரை மாதம் ஞாயிறு நிகழ்ச்சி முடிந்து கலையகத்தைப் பூட்டப்போகும் நேரத்தில் ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். நொய்கெல்னின் தெற்கே, பிரிற்ஸ் பக்கத்தில் சிறுதோட்டம் வைத்திருப்பவர். "அண்ணை, இலைதழை மக்கப்போட்ட குவியலைக் கிளறினன். பெருவிரல் மொத்தத்திலை வெள்ளைப் புழு, வளைஞ்சு வளைஞ்சு கிடக்குது. ஊரிலை வேரைத் தின்னுற சாமான்தானே? ஒரு வாளி பொறுக்கிப்போட்டன். கொதிதண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்டார். கணக்குப் புத்தகத்தோடு காலம் கழித்த எனக்குப் புழுவைப் பற்றி என்ன தெரியும்? "ஒரு நாள் பொறுங்கோ, பார்த்துச் சொல்லுறன்" என்றேன். அவருக்குரிய பதில் அடுத்த நாளே கிடைத்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு கேள்வி என்னை இரண்டு மாதம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்தப் புழு ஒரு வண்டின் குஞ்சு. ஜேர்மன்காரர் அதை எங்கர்லிங் என்பார்கள். இங்கே மே மாதத்தில் பறக்கும் மைக்கேஃபர் வண்டை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். வில்ஹெல்ம் புஷ் 1865இல் வெளியிட்ட மக்ஸ் மோரிட்ஸ் கதையில் அந்தக் குழப்படிப் பெடியன்கள் மாமாவின் கட்டிலுக்குள் கொண்டுபோய் விடுவது இந்த வண்டைத்தான். நமது தென்னையைத் துளைக்கும் கருவண்டும், சாணி உருட்டும் வண்டும், தமிழ்நாட்டில் கரும்பையும் நிலக்கடலையையும் வேரோடு சாய்க்கும் வெண்புழுவின் தாய் தகப்பனும் இதே குடும்பம். உலகம் முழுவதும் 30,000 இனங்களுக்கு மேல் உண்டு. சின்ன வயதில் நெருப்புப்பெட்டிக்குள் வைத்து வளர்த்த பொன்வண்டும் இதுவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். இல்லையாம், அது வேறு குடும்பம்.

குடும்பம் ஒன்று என்றாலும் குணம் ஒன்றல்ல. மைக்கேஃபரின் புழு வேரைத் தின்னும். ரோஜா வண்டின் புழுவோ மக்கிப்போனதை மட்டும் தின்று உரமாக்கும். ரோஜா வண்டு ஜேர்மன் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். அதைக் கொல்வது குற்றம். ஆகவே வாளியில் கிடப்பது எந்த இனம் என்பது சும்மா அறிவுக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. ஊரிலும் அப்படித்தான். ஹொலோட்ரிக்கியா செராட்டா என்ற வண்டு முதல் மழையோடு மண்ணை விட்டு வெளியே வந்து, இரவில் வேம்பிலும் வேலமரத்திலும் கூடி இலை தின்னும். அந்த நாட்களில் கொப்பை உலுக்கி வண்டைப் பொறுக்கி அழிக்கலாம். இன்னொரு இனத்துக்கு மரமும் வேறு, வெளிவரும் நாளும் வேறாக இருக்கலாம். பெயர் பிழைத்தால் மருந்தும் உழைப்பும் வீண்.

பெயர் வைப்பது எப்படி? உயிர்களை வகை பிரிப்பது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கைப்படி அடுக்கி, நண்டையும் தும்பியையும் நாலறிவு உயிர்களில் வைத்தது. ஆனால் இன்று உலகம் பயன்படுத்தும் கணக்கு 1758இல் சுவீடனின் லின்னேயஸ் திறந்த பேரேடு. அதன் பத்தாம் பதிப்பிலிருந்துதான் விலங்குப் பெயர்கள் செல்லும். அதற்கு முன் யார் என்ன பெயர் வைத்திருந்தாலும் கணக்கில் சேராது.

இதைப் படிக்கப் படிக்க, இது என் தொழில் அல்லவா என்று தோன்றியது. புதிய இனம் ஒன்றைப் பதிய மூன்று காரியம் வேண்டும். ஒன்று, இரட்டைப் பெயர். பேரினப் பெயர் கணக்குத் தலைப்பு மாதிரி, இனப்பெயர் உட்கணக்கு மாதிரி. இரண்டு, ஒத்த இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று வெளிவந்த விவரணம். மூன்று, எந்த உடலைப் பார்த்து எழுதினாரோ அந்த ஒற்றை வண்டு. ஊசி குத்தி, சீட்டு எழுதி, ஒரு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். அதை மூலமாதிரி என்போம். நம் பாஷையில் சொன்னால் அதுதான் உறுதிச்சீட்டு, வவுச்சர். பதிவில் சந்தேகம் வந்தால் கணக்காய்வாளர் வவுச்சரைக் கேட்பார். வண்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார். பழைய காலத்தவர்கள் ஒற்றை மாதிரியைக் குறிப்பிடாமல் நாலைந்து வண்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போனார்கள். பின்னால் வருபவர் அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து மூலமாதிரி ஆக்கவேண்டும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. பெயரின் பின்னால் வைத்தவரின் பெயரும் ஆண்டும் வரும். சிலவற்றுக்கு அடைப்புக்குறி உண்டு, சிலவற்றுக்கு இல்லை. தென்னைக் கருவண்டை ஒரிக்டெஸ் ரைனோசெரோஸ் (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறார்கள். நாங்கள் அடைப்புக்குறிக்குள் நட்டத்தைப் போடுவோம். அவர்கள் போட்டால், இந்தப் பதிவு முதலில் வேறொரு தலைப்பின் கீழ் இருந்தது, பிறகு மாற்றப்பட்டது என்று பொருள். கருவண்டு முதலில் ஸ்கராபேயஸ் என்ற பொதுத் தலைப்பில் கிடந்தது.

நமது மண்ணின் வண்டுகள் இந்தப் பேரேட்டுக்குள் வந்த முதல் வாசல்களில் ஒன்று தரங்கம்பாடி. டென்மார்க்கின் அந்தக் கோட்டை ஊருக்கு 1768இல் லின்னேயஸின் மாணவர் யொஹான் கெர்ஹார்ட் கோனிக் மருத்துவராக வந்தார். அவர் அனுப்பிய பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர், லின்னேயஸின் இன்னொரு மாணவர் யொஹான் கிறிஸ்டியான் பப்ரீசியஸ். இவர் ஏறத்தாழ 10,000 பூச்சி இனங்களுக்குப் பெயர் வைத்தவர். கீல் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் படிப்பித்தார் என்று அறிந்தபோது வணிகமாணியான எனக்குக் கொஞ்சம் பெருமை. முன்சொன்ன ஹொலோட்ரிக்கியா செராட்டாவை 1781இல் பதிந்தவர் இவரே. கோனிக் பெயரிலும் ஒரு சாணி வண்டு உண்டு. சென்னையில் 1779இல் தமிழ் அகராதி அச்சிட்ட பாதிரியார் பப்ரீசியஸ் வேறு ஆள். நான் ஒரு வாரம் இருவரையும் ஒருவராகவே நினைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பாதிரியார் கடன் விவகாரத்தில் சிக்கிச் சிறைக்கும் போனவர். பூச்சிக்காரரின் கணக்கு அவ்வளவு மோசமில்லை.

தரங்கம்பாடியிலிருந்து பேர்லினுக்கும் ஒரு வழி இருந்தது. 1771இல் அங்கு வந்த மிஷனரி கிறிஸ்தோப் சாமுவேல் ஜோன் கடற்கரையில் கிடைத்த மீன்களைப் பேர்லின் மருத்துவர் மார்க்குஸ் எலியேசர் புளொக்குக்கு அனுப்பினார். புளொக் 1793இல் ஒரு மீன் பேரினத்துக்கே ஜோனியஸ் என்று பெயர் வைத்தார். மணலில் புதையும் நமது மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் அந்த ஜோன் இருக்கிறார். வலை இழுத்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

இனி நான் சொல்ல வந்த ஆளுக்கு வருகிறேன். யொஹான்னஸ் நீட்னர், 1828இல் பொட்ஸ்டாமில் பிறந்தவர். நீட்னர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிரஷ்ய அரச பூங்காக்களில் தோட்டக்கலை பார்த்த குடும்பம். இவர் இலங்கைக்குப் போய், நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் இடையில் றம்பொடப் பக்கத்தில் கோப்பி பயிரிட்டார். அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்பது நேயர்களுக்குத் தெரியும். திருச்சி, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்து வந்த நமது சனம். வழியில் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கே கிடையாது.

நீட்னர் நல்ல கண் உள்ளவர். 1850களில் இலங்கை வண்டுகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். கடுகளவு, எள்ளளவு வண்டுகளையெல்லாம் நுணுக்கிப் பார்த்துப் பெயர் வைத்தார். அவர் அனுப்பியவற்றைக் கொண்டு பேர்லினில் குஸ்டாவ் கிராட்ஸ் என்பவர் இலங்கையின் குறுஞ்சிறகு வண்டுகளைப் பற்றி 1859இல் ஒரு பெரிய ஆய்வே வெளியிட்டார். 1861இல் நீட்னரின் சிறு நூல் கொழும்பில் ஆங்கிலத்தில் வந்தது. இலங்கையில் கோப்பி மரத்தின் எதிரிகள் என்பது பொருள். எலி முதல் மூட்டுப்பூச்சி வரை ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்படிக் கெடுக்கிறது என்று எழுதினார். அதில் அவர் பெயரிட்ட கறுப்புச் செதில்பூச்சி ஒன்று இன்றும் அவர் பெயரோடும் 1861 என்ற ஆண்டோடும் உலகெங்கும் பயிர்ப்பாதுகாப்பு நூல்களில் வருகிறது.

அந்த நூலில் நமது வெள்ளைப் புழுவும் இருக்கிறது. கோப்பி வேரைத் தின்று இளம்மரத்தையும் முதிர்ந்த மரத்தையும் அழிக்கிறது என்கிறார். றம்பொடவில் ஒரு துரை, தான் சமாளிக்க வேண்டியவற்றில் இதுவே பெரிய எதிரி என்று கருதி, மர அடியைத் தோண்டிப் புழுவை எடுப்பித்தாராம். தோண்டியது யார் கை என்று நூல் சொல்லவில்லை. எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய எதிரிக்கு நீட்னர் கொடுத்த பெயர் என்ன? அங்கிலோநிக்கா என்று பேரினத்தை எழுதி, இனப்பெயர் வரவேண்டிய இடத்தை நிரப்பாமல் விட்டுவிட்டார். எங்கள் தொழிலில் இதைத் தொங்கல் கணக்கு என்போம். தொகை தெரியும், நட்டம் தெரியும், யார் பெயரில் எழுதுவது என்று தெரியாது. அதனால் ஒரு தற்காலிகத் தலைப்பில் தொங்கவிடுவோம். வருட முடிவில் அதைத் தீர்க்காமல் விட்டால் கணக்காய்வாளர் விடமாட்டார்.

எள்ளளவு வண்டுக்குப் பெயர் வைத்த மனிதர் விரல் மொத்தப் புழுவுக்கு ஏன் வைக்கவில்லை? சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. பெயர் வளர்ந்த வண்டைப் பார்த்து வைக்கப்படுகிறது. புழுவோ மண்ணுக்குள் பல மாதம், சில இனங்களில் வருடத்துக்கும் மேல் கிடக்கும். புழுக்கள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும். பிட்டத்தின் அடியில் உள்ள மயிர்வரிசையை உருப்பெருக்கியால் பார்த்துத்தான் ஓரளவு பிரிக்கலாம். வெளிச்சத்துக்கு வந்து விழும் வண்டுகளில் எது இந்தப் புழுவின் தாய் என்று நிரூபிக்க, புழுவைப் பெட்டியில் மண்ணோடு வளர்த்து வண்டாகும்வரை காக்க வேண்டும். அத்தோடு அக்காலத்தில் வெப்ப நாட்டு வண்டுகளில் பாதிக்கு மேல் பெயரே இல்லை. நிரூபிக்க முடியாததை எழுதாமல் விட்டாரே, அதற்காக நான் அவரை மதிக்கிறேன். ஊகத்தில் ஒரு பெயரைப் போட்டிருந்தால் அதைத் திருத்த இன்னும் ஐம்பது வருடம் பிடித்திருக்கும்.

பிறகு 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தொடங்கியது. நீட்னர் 1874இல் இறந்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பியே போய்விட்டது. தேயிலை வந்தது. புழு மட்டும் போகவில்லை, தேயிலைக் கன்றின் வேருக்கு மாறிக்கொண்டது.

தொங்கல் கணக்கைத் தீர்க்க அடுத்து வந்தவரும் பொட்ஸ்டாம்காரர் என்பது எனக்கு வியப்பு. ஏர்ன்ஸ்ட் பிரென்ஸ்கே, 1845இல் பிறந்து 1904இல் இறந்தவர். வேர்ப்புழு வண்டுகளின் உட்குழு ஒன்றான செரிக்கா வகைகளை உலகம் முழுவதிலுமிருந்து திரட்டி, 1897க்கும் 1902க்கும் இடையில் பேர்லினின் பூச்சியியல் ஏட்டில் தொடராக வெளியிட்டார். இந்தியா, இலங்கை இனங்கள் அதில் ஏராளம். அவரது சேகரிப்பு பேர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வந்தது. இன்வாலிடன் தெருவில் 1889இல் திறந்த அதே கட்டடம். நொய்கெல்னிலிருந்து யூ 7 எடுத்து மேரிங்டம்மில் யூ 6க்கு மாறினால் வாசலிலேயே இறங்கலாம்.

ஆனால் பிரென்ஸ்கேயின் பதிவுகளில் ஒரு குறை உண்டு. இந்த வண்டுகள் பயறு அளவில், கபிலமோ கறுப்போ, எல்லாம் ஒரே முட்டை வடிவம். சில வரி விவரணம், படம் அரிது. "நிறம் கபிலம், மேற்புறம் மங்கல்" என்ற அளவில் எழுதினால் இருபது இனத்துக்குப் பொருந்தும். பிரித்தானியர் வெளியிட்ட இந்திய விலங்குத் தொடரில் கில்பர்ட் அரோ 1910, 1917, 1931 ஆண்டுகளில் இந்தக் குடும்பத்துக்கு மூன்று தொகுதிகள் எழுதினார். பூவண்டு, கருவண்டு, சாணி வண்டு எல்லாம் வந்தன. வேர்ப்புழு வண்டுகளின் பெருங்குழு மட்டும் வரவேயில்லை. ஆக, பயிருக்கு அதிகம் தீங்கு செய்யும் பகுதிக்குத்தான் கைநூல் இல்லாமல் போயிற்று. கோயம்புத்தூரிலோ பேராதனையிலோ இருக்கும் ஒருவர் தன் வண்டின் பெயரை உறுதிப்படுத்த ஜேர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும், அல்லது பேர்லினில் இருக்கும் வவுச்சரைப் பார்க்க வேண்டும்.

அந்த வவுச்சர்களும் தப்பியது புண்ணியம். 1945 பெப்ரவரி 3இல் விழுந்த குண்டில் அருங்காட்சியகத்தின் கிழக்குச் சிறகு இடிந்தது. அதை மீளக்கட்டித் திறந்தது 2010இல். பிறகு மதில் விழும்வரை அது கிழக்கு பேர்லின் பக்கம் இருந்தது. எங்களில் பலர் எண்பதுகளில் ஷோனஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, கிழக்கு பேர்லினைக் கடந்து மேற்கே வந்தோம். பிரீட்ரிக் வீதி நிலையத்தில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, நடந்துபோகும் தூரத்தில் இலங்கை வண்டுகள் பெட்டிக்குள் இருந்தன என்று யாருக்குத் தெரியும்?

வருகிற வைகாசியோடு தொண்டு ஒலிபரப்பாளனாக எனக்குப் பல வருடம் ஆகிறது, ஆனாலும் அடுத்த விஷயத்தை வானொலியில் சொல்லக் கொஞ்சம் கூச்சம். வெளித்தோற்றத்தால் பிரியாத இந்த வண்டுகள் ஆணின் இனப்பெருக்க உறுப்பால் பிரியும். அது இனத்துக்கு இனம் வேறு வடிவம். பூட்டுக்குச் சாவி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன் நகரில் உள்ள கோனிக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டிர்க் ஆரென்ஸ், சில்வியா ஃபப்ரீசி இருவரும் (அந்தக் கோனிக் தரங்கம்பாடிக்காரர் அல்லர், அலெக்சாண்டர் கோனிக்) பல நாட்டு அருங்காட்சியகங்களில் இருந்த பழைய மாதிரிகளை ஆராய்ந்து, 2014இல் இலங்கையின் செரிக்கா வகைகளையும், 2016இல் இந்தியாவின் வகைகளையும் நூலாக வெளியிட்டார்கள். பழைய பெயர்களுக்கு மூலமாதிரி தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தச் சாவியைப் படம் போட்டுக் காட்டினார்கள். ஒரே இனத்துக்கு இருந்த இரட்டைப் பெயர்கள் நீங்கின, பெயரில்லாத பல இனங்கள் பெயர் பெற்றன. நூறு வருடத்துக்குப் பிறகு செய்த முழுமையான கணக்காய்வு என்றே நான் இதைச் சொல்வேன். பிறகு இலங்கை ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து, மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு இந்த வண்டுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள்.

நீட்னரின் சிக்கலுக்கும் வழி பிறந்தது. ஆரென்ஸும் துணைவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நேபாளத்தில் தோண்டி எடுத்த புழுக்களின் மரபணுவையும் பிடித்த வண்டுகளின் மரபணுவையும் ஒப்பிட்டு, எந்தப் புழு எந்த வண்டின் குஞ்சு என்று பொருத்திக் காட்டினார்கள். பெட்டியில் வளர்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் கவனியுங்கள், மரபணு புழுவையும் வண்டையும் சேர்த்துவைக்கும். அந்த வண்டின் பெயர் என்ன என்று சொல்ல, ஊசி குத்திய பழைய உடல் இன்னமும் வேண்டும்.

அந்த உடல்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டம் 39ஆம் பிரிவில், புதிய இனம் கண்டவர் அதன் மாதிரியை நாட்டில் குறிக்கப்பட்ட நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஆங்கில மூலத்தில் அந்த மாதிரிக்கு வவுச்சர் என்றே சொல். வாசித்தபோது சிரித்துவிட்டேன். மிக நியாயமான சட்டம். வவுச்சர் ஒரு கந்தோரிலும் வியாபாரம் இன்னொரு ஊரிலும் இருந்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் 200 வருடம் முன்னே போனவை இங்கேதான் இருக்கின்றன. பேர்லினில் வண்டுகள் மட்டும் ஏறத்தாழ 60 இலட்சம். எல்லாவற்றையும் திருப்பிக் கேட்பதைவிட, ஒவ்வொன்றையும் சீட்டோடு படமெடுத்து எவரும் பார்க்க வைப்பதை முதலில் கேட்கலாம் என்பது என் எண்ணம். 2022இல் அந்த அருங்காட்சியகம் பூச்சிகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையைப் பார்வையாளர் கண்முன்னாலேயே செய்யத் தொடங்கியது. பட்டியில் ஒவ்வொரு பூச்சியாக நகர்ந்து வருவதைப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்க முடிந்தது.

பழைய சீட்டுகள் சிறு நகத்தளவு. பலவற்றில் நாட்டின் பெயரும் அனுப்பியவர் பெயரும் தவிர வேறில்லை. சிலோன், நீட்னர். எந்த மலை, எந்த மாதம், எந்த மரத்தடி என்று இல்லை. வருமான வரிக்கு இப்படி ஒரு பற்றுச்சீட்டைக் கொண்டுபோனால் உடனே திருப்பித் தருவார்கள்.

சரி, பிரிற்ஸ் நேயரின் வாளி. அடுத்த நாள் அவரிடம் சொன்னேன்: "புழுவை ஒரு பலகையிலை விடுங்கோ. நெளிஞ்சு பக்கவாட்டிலை கிடந்தால் வேர் தின்னுற வகையாயிருக்கும். மல்லாந்து முதுகாலை ஊர்ந்து போனால் ரோஜா வண்டு." பத்து நிமிடத்தில் திரும்ப எடுத்தார். "அண்ணை, எல்லாம் மல்லாந்துதான் போகுது. மகள் பக்கத்திலை நிண்டு எண்ணுறாள், நாற்பத்திமூண்டு." வாளியை மறுபடி உரக்குவியலில் கவிழ்த்துவிட்டு, மேலே பழைய இலையைப் போட்டு மூடினார்களாம்.